மணிக்கு ஒரு ஜக்

சமையல் சோடாவை அரை ஸ்பூன் அள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார் வாத்தியார். ஸ்பூன் டம்ளரில் இரண்டு தரம் இடித்திருக்கும். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஸ்பூனைக் கீழ வைங்க."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தவள் அவருடைய தங்கை. நுரையீரல் இனி தேறாது, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, நேற்றுச் சாயங்காலம்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். உள்ளறை வேண்டாம், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போடுங்கள் என்று அவள் கேட்டதால் கட்டில் ஹாலுக்கு வந்திருந்தது. அதன் தலைமாட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கால்மாட்டில் தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரு ஸ்பூன் சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டோடு பிடிபட்டவர்களின் முகத்தை முப்பத்து நாலு வருஷம் பார்த்தவர் அவர். இப்போது தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தானே. சும்மா விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"தொட்டித் தண்ணி ரொம்ப ஆசிட்டா இருக்கும்மா. பிஹெச் மீட்டர்ல அஞ்சு புள்ளி நாலு காட்டுது. அம்மோனியா வேற எக்கச்சக்கம். டெஸ்ட் அட்டையில இருக்கிற கடைசிப் பச்சையையும் தாண்டிடுச்சு. கொஞ்சமா சோடா போட்டு ஏழுக்குக் கொண்டுவந்துட்டா..."

"கொண்டுவந்தா நாலு மீனும் மிதக்கும்."

அவள் கண்ணை மூடியபடியே பேசினாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. தண்ணீர் புளித்திருக்கிற வரைக்கும் அது வெறும் அம்மோனியம், மீனை ஒன்றும் செய்யாது. பிஹெச் ஏறினால் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாக மாறும். அந்த ஒரு பங்கே செவுளை எரித்துவிடும். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

வாத்தியார் ஸ்பூனைக் கீழே வைத்தார். அந்தச் சமன்பாட்டை அவர் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பார். இந்தப் பக்கம் ஓர் அம்பு, அந்தப் பக்கம் ஓர் அம்பு. எழுதி, அழித்து, கையைத் தட்டி, அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறார். அதன் இரண்டு முனையிலும் உயிர் இருந்ததாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் பயத்தோடு தொட்டியைப் பார்த்தார். தட்டு மாதிரி வட்டமான, கடையில் டிஸ்கஸ் என்று சொல்கிற மீன்கள் நான்கு, தேநீர் நிறத் தண்ணீரில் ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருந்தன.

"அப்ப என்னதான் செய்யணும்?"

"பால்கனியில நீல டிரம் இருக்கு. நேத்து வந்ததும் உங்க மாப்பிள்ளையை விட்டு ஃபில்டர் தண்ணி நிரப்பி வெச்சேன். அதுலருந்து தொட்டிக்கு மணிக்கு ஒரு ஜக். அவ்வளவுதான். மூணு வாரம் நான் இல்லாம கெட்டுப் போச்சு. ஒரு நாள்ல சரிபண்ணக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சொல்லிவிட்டு உதட்டைச் சுழித்தாள். சின்ன வயதில் அவரைக் கிண்டல் செய்துவிட்டு ஓடும்போது அவள் உதடு அப்படித்தான் போகும்.

இந்த அண்ணன் தங்கை கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பன்னிரண்டாம் வகுப்பில் அவரிடமே கெமிஸ்ட்ரி படித்தாள் தங்கை. செய்முறைத் தேர்வில், துளித்துளியாக விடவேண்டிய அமிலத்தைக் குழாயைத் திறந்து மொத்தமாக ஊற்றிவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம். வாத்தியார் யோசிக்கவே இல்லை, சொந்தத் தங்கையை பெயிலாக்கினார். தலைமையாசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டில் அம்மா ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. தங்கை மறுபடி பரீட்சைக்கு உட்காரவும் இல்லை, அவரைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. தையல் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுத்து, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஒரு மகளை வளர்த்தாள். சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்காத மனுஷன் என்று ஊரார் சொல்லும்போதெல்லாம் வாத்தியார் அடக்கமாகச் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் தொட்டி வாங்கினபோது, பொழுதுபோகாமல் ஏதோ செய்கிறாள் என்று நினைத்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாராவாரம் வருவார், காபி குடிப்பார், தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். மாதம் ஒரு தரம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவருடைய லேப் ஜன்னலுக்குக் கீழே நின்ற பாதாம் மரத்தடியில் சருகு பொறுக்கிக்கொண்டு போவாள். தொட்டிச் செடிக்கு உரம் போடுவாள் போல என்று அவர் எண்ணிக்கொண்டார். அந்தச் சருகுதான் தொட்டித் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, மீனுக்கு வேண்டிய புளிப்பை மெல்ல இறக்குகிறது என்பது இன்று காலையில்தான் அவருக்குத் தெரியும். அவர் ஆசிட் பாட்டில்களை அடுக்கிவைத்துக்கொண்டு பாடம் நடத்திய ஜன்னலுக்கு அடியிலிருந்து, அவள் தனக்கு வேண்டிய ஆசிட்டை இனாமாகப் பொறுக்கிப் போயிருக்கிறாள்.

ஒன்பது மணிக்கு முதல் ஜக். பத்துக்கு இரண்டாவது. எப்படி ஊற்றவேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள். மேலிருந்து கொட்டக் கூடாது, உள்ளங்கையைக் கவிழ்த்து அதன்மேல் வழியவிட வேண்டும். பதினோரு மணி ஜக்கை ஊற்றி முடித்து அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை, அவள் கணவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு அவர் எழுந்து, தன் தொழிலில் எத்தனையோ இயந்திரங்களை நிறுத்திய அதே பதற்றமில்லாத விரலால் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நிறுத்தினார். அதன் குமிழிச் சத்தம் அடங்கியது. தொட்டியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கை மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் அழுதார். வெட்கப்படாமல், சத்தமாகவே அழுதார். பன்னிரண்டு மணி ஆனதும் மூக்கைச் சிந்திவிட்டு, ஜக்கை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஏற்பாடுகளைத் தலையில் போட்டுக்கொண்டவர் சித்தப்பா மகன். கட்டட காண்ட்ராக்டர். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே நாலு பேரை வேலை வாங்கத் தெரிந்தவர், மனசில் கள்ளம் கிடையாது. நாற்காலிக்குச் சொன்னார், வண்டிக்குச் சொன்னார், ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னார். வாத்தியார் மணிக்கு ஒரு தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜக்கும் கையுமாக நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். துக்கத்தில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பெண்கள் பக்கத்தில் பேச்சு அடிபட்டது. அவர் காதில் அது விழுந்தது. ஆனால் ஜக்கில் மூன்று விரல் அளவு குறைவாக இருப்பது போல் அவருக்குத் தோன்றியதால் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

மூன்றரை மணிக்கு மீன்கடைக்காரர் வந்தார். ஒடிசலான மனிதர், சட்டையில் மீன்தீனி வாசம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் இவ்வளவு சீக்கிரம் போவாங்கன்னு நெனைக்கலே என்று கண் கலங்கினார். வாத்தியார் குழம்பிப்போனார். அவருக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்திலேயே டீச்சர் வேலை பார்த்தது அவர் ஒருத்தர்தான்.

"யாரைச் சொல்றீங்க?"

"உங்க தங்கச்சியைத்தான் சார். கடையில நாங்க எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஸ்டூல்ல உக்காருவாங்க. தண்ணி கெட்டுப் போச்சு, மீன் செத்துப் போச்சுன்னு வர்றவங்க எல்லாம் அவங்ககிட்டதான் நிப்பாங்க. ஒருத்தரையும் திட்ட மாட்டாங்க. மறுபடி பண்ணிப் பாருங்கன்னு மட்டும் சொல்லுவாங்க."

பதினொரு வருஷமாகத் தன் தங்கை ஒரு வகுப்பு நடத்திவந்திருக்கிறாள், அதில் யாரும் பெயிலாகவில்லை. இது வாத்தியாருக்குத் தெரியாது. வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வலியை முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பெருமை மேலே வந்தது. இழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு சிரிக்கவா முடியும்? துண்டால் முகத்தைத் துடைப்பது போல வாயை மறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

சித்தப்பா மகன்தான். வருகிறவர்களெல்லாம் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், அவள் ஆசையாக வளர்த்த மீன் அழுக்கில் கிடக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு வாளியில் பழைய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி ஊற்றியிருந்தார். மூன்றாவது வாளி அவர் கையில் இருந்தது. பளிச்சென்று தெளிந்த, உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த குழாய்த் தண்ணீர்.

"கையை எடுடா!"

முப்பத்து நாலு வருஷத்தில் வகுப்பில்கூட வாத்தியார் அப்படிக் கத்தியதில்லை. வாளி அப்படியே நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா மகனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அண்ணே, அழுக்குத் தண்ணியைத்தானே மாத்துறேன். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், உங்களுக்குத் தெரியாததா?"

வாத்தியார் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார்.

"நான் வாத்தியார்தான். ஆனா இந்தத் தொட்டிக் கெமிஸ்ட்ரில பாஸானது என் தங்கச்சி ஒருத்திதான். நான் இன்னைக்குக் காலையில பெயிலாயிட்டேன். அவதான் திருத்தினா."

அந்தப் பழைய பெயில் கதை அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, மனைவியின் கால்பக்கத்துப் போர்வையைச் சரிசெய்தார்.

மீட்டரை முக்கிப் பார்த்தார் வாத்தியார். ஆறு புள்ளி ஏழு. மீன்களின் நிறம் கறுத்திருந்தது. இரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெரிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியில் ஒட்டி நின்றது. இங்கே ஒரே சொட்டு ஆசிட் இருந்தால் போதுமே, மறுபடி ஐந்துக்கு இறக்கிவிடலாமே என்று மனசு பறந்தது. பறந்த மனசைப் பிடித்து நிறுத்தி, தங்கை மகளிடம் கேட்டார், அம்மா ஏதாவது எழுதிவைத்திருக்கிறாளா என்று. அவள் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து, பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள் நான்கை எடுத்து நீட்டினாள்.

மேலே இருந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே அது இருந்தது. தையல்காரியின் கையெழுத்து, அளவெடுத்தாற்போல. பிஹெச் திடீரென்று ஏறிவிட்டால்: இலைத் தண்ணீர் இரண்டு கப். பிறகு அரை மணி நேரம் பொறு. இறங்காவிட்டால் இன்னும் இரண்டு. வேறு எதையும் தொடாதே. இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் அவர் வருஷா வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார். எவனும் கேட்டதில்லை. அலமாரியில், பாதாம் சருகை ஊறவைத்த கறுப்புத் தண்ணீர் இரண்டு பாட்டில் இருந்தது. இரண்டு கப் அளந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, அதன்மேல் வழியவிட்டார். பிறகு காத்திருந்தார். அரை மணி. ஆறு புள்ளி ஐந்து. இன்னும் இரண்டு கப்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம். சித்தப்பா மகன் இந்தத் தரம் குரலைத் தாழ்த்தி, கிளம்பலாம் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். வாத்தியார் மீட்டரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். கூடப் பிறந்தவள். கடைசியாக அவளைத் தூக்கிக்கொண்டு போக அண்ணன் கை இல்லாமல் இருக்குமா? ஆனால் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். இந்தத் தொட்டியைப் பார்க்கத் தெரிந்த இன்னொருத்தர் அங்கே இல்லை. மீன்கடைக்காரர் இருக்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. அவரோ கட்டிலுக்குப் பக்கத்தில் போய், தோள் கொடுக்க இடம் பிடித்து நின்றிருந்தார்.

மாப்பிள்ளை அவர் பக்கத்தில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மச்சானுக்கு யோசனை சொன்னதே கிடையாது.

"மச்சான், நீங்க இருங்க."

"ஊர் என்ன சொல்லும் மாப்ளே?"

"ஊர்கிட்ட நான் பேசிக்கிறேன். அவகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

வாத்தியார் தங்கையின் நெற்றியில் கையை வைத்தார். இலைத் தண்ணீர் பட்ட விரல், பழுப்பாக ஒரு சின்னத் தடம் விழுந்தது. துடைக்கப்போனவர் துடைக்காமல் விட்டுவிட்டார். தூக்கினார்கள். வாசல் வரைக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு, படியில் நின்று வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தார். வண்டி கிளம்புமுன் தங்கை மகள் ஓடிவந்து ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"மாமா, பெரிய மீனை நல்லாப் பாத்துக்கங்க. அம்மா அதுக்கு வாத்தியார்னு பேரு வெச்சிருக்காங்க. சும்மா சும்மா எல்லாரையும் முறைக்குமாம்."

வீடு காலியாகக் கிடந்தது. தையல் மெஷினில் பாதி தைத்த சீருடைச் சட்டை ஒன்று ஊசி குத்தியபடி மூன்று வாரமாக நின்றிருந்தது. வாத்தியார் ஒரு நாற்காலியை இழுத்து, தொட்டிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். ஐந்து மணி ஜக்கை ஊற்றினார். ஐந்தேகாலுக்கு ஆறு புள்ளி ஒன்று. தொட்டிக்குள் இருந்த பெரியவர் கண்ணாடியை விட்டு விலகி நேராக நிற்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி சாய்ந்தார். போன உயிரைத்தான் நிறுத்த முடியவில்லை, இருக்கிற உயிராவது போகாமல் இருக்கட்டும் என்று வாத்தியார் யாரிடமோ கேட்டுக்கொண்டார். வழக்கமான ஜக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

சும்மா இருந்த கைக்கு வேலையாக நோட்டுகளைப் புரட்டினார். அடியில் இருந்த நோட்டைத் திறந்தார். அது அவளுடைய பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டு. பன்னிரண்டாம் வகுப்பு. நாலைந்து சோதனைகளுக்குப் பிறகு, சிவப்பு மையில், இளைஞராக இருந்த அவருடைய மிடுக்கான கையெழுத்து: அவசரம் கூடாது. துளித்துளியாக விடவேண்டும். மறுபடி செய்.

அடுத்த பக்கத்திலிருந்து அவள் மறுபடி செய்திருந்தாள். இருபத்து மூன்று வருஷம் தள்ளி, தொட்டி வாங்கிய அன்றைய தேதியிலிருந்து. நோக்கம், செய்முறை, அளவு, முடிவு என்று அவர் சொல்லிக்கொடுத்த அதே தலைப்புகளில். முதல் மாதத்தில் ஆறு மீன் செத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறாள். பக்கம் தீர்ந்ததும் அதே மாதிரி ரெக்கார்ட் நோட்டுகளைத் தேடி வாங்கியிருக்கிறாள். ஒரு வாரம் விடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரைக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாணவர் கையொப்பம், ஆசிரியர் கையொப்பம் என்று இரண்டு கோடுகள் அச்சடித்திருந்தன. இரண்டிலும் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். இந்தப் பக்கம் தையல்காரி, அந்தப் பக்கமும் தையல்காரி. என்ன திமிர் பார் இவளுக்கு என்று வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. அவர் பாடம் நடத்திய ஆயிரக்கணக்கான பேரில் இப்படி ஒரு ரெக்கார்ட் நோட்டை யாரும் எழுதியதில்லை, அவர் உட்பட.

ஆறு மணிக்கு மீட்டர் ஐந்து புள்ளி எட்டு காட்டியது. மேலே வந்து வாய் பிளந்த இரண்டும் இறங்கிப்போயிருந்தன. பெரிய மீன் நிமிர்ந்து, தொட்டியின் நடுவுக்கு வந்து, அவரை ஒரு முறை முறைத்தது.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடைசி நோட்டின் புதுப் பக்கத்தில் தேதி போட்டார். காலையிலிருந்து எத்தனை ஜக், எப்போது, நடுவில் இரண்டு வாளி குழாய்த் தண்ணீர், நான்கு கப் இலைத் தண்ணீர், அளவுகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். சோடா கலக்கியதையும் மறைக்காமல் எழுதினார். முடிவு என்ற இடத்தில், நான்கும் உயிரோடு இருக்கின்றன என்று எழுதினார்.

பிறகு மாணவர் கையொப்பம் என்ற கோட்டில் தன் கையெழுத்தைப் போட்டார். பக்கத்துக் கோட்டை அப்படியே விட்டுவிட்டு, மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்து, ஜக்கை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.